லண்டன் பை மதுரைக்கு ஆகுமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை மாதம், எடை 6.4 கிலோ. ராத்திரி ஏ.சி. அறையில் படுக்கிறான். எத்தனை தடவை போர்த்தினாலும் உதைத்துத் தள்ளிவிடுகிறான். லண்டனில் இருக்கும் நாத்தனார், கையில்லாத சட்டைபோல மாட்டி ஜிப் போடும் தூங்கும் பை ஒன்று அனுப்பியிருக்கிறார். அதில் 2.5 டாக் (TOG) என்று போட்டிருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் கடையில் கேட்டால், குல்லா வைத்து மெத்தை மாதிரி இருக்கும் ஒன்றைக் காட்டுகிறார்கள். எது சரி? பிள்ளைக்குக் கால் ஜில்லென்று இருக்கிறது, சளி பிடித்துவிடும் என்று அத்தை பயப்படுகிறார். டிசம்பரில் நாலு நாள் கொடைக்கானல் வேறு போகிறோம்.
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: நாத்தனார் அனுப்பியதை மடித்துப் பீரோவில் வையுங்கள். கொடைக்கானலுக்கு அது ஆகும், மதுரை வீட்டுக்கு ஆகாது. கடையில் காட்டியதை ராத்திரித் தூக்கத்துக்கு எந்த ஊரிலும் வாங்க வேண்டாம்.

நம் பக்கத்துக் கடைகளில் ‘ஸ்லீப்பிங் பேக்’ என்று கேட்டால், பச்சைப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வருவதற்கான பொதியைத்தான் பெரும்பாலும் எடுத்துப் போடுவார்கள். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, மேலே வெல்வெட், தலைக்குக் குல்லா. பஞ்சு சூட்டை வெளியே விடாது, வெல்வெட் வியர்வையை உறிஞ்சாது. கைக்குழந்தையின் உடம்புச்சூடு தலை வழியாகவும் நிறைய இறங்கும். குல்லா அந்த வழியையும் அடைத்துவிடும். குழந்தை அசையும்போது அது நழுவி மூக்கின் மேல் விழவும் கூடும். தூக்கத்தில் குழந்தைகள் திடீரென்று இறந்துபோவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கிறது. உடம்பு அளவுக்கு மேல் சூடாவதும் முகம் மூடிக்கொள்வதும் அந்த ஆபத்தைக் கூட்டுபவை. உங்கள் மகன் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறான். உதைத்துத் தள்ளுகிற போர்வையும் ஒரு நாள் மேலே ஏறி முகத்தில் விழலாம். அதனால் போர்வையை விட்டுப் பைக்கு மாறலாம் என்று நீங்கள் நினைத்தது சரியான யோசனை. ஆனால் பை எது என்பதை, குழந்தை படுக்கும் அறையின் சூட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாக் என்பது துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான எண். 0.5 என்றால் மெல்லிய பருத்தி; அறை 24 முதல் 27 டிகிரி வரை இருந்தால் பொருந்தும். 1 டாக் 21 முதல் 23 வரை. 2.5 டாக் 16 முதல் 20 வரை. இங்கிலாந்தில் குழந்தை தூங்கும் அறையை 16 முதல் 20 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், அதனால் அங்கே அது அன்றாடப் பை. இங்கே தளம் போட்ட வீட்டில், சித்திரை வைகாசியில், நடுராத்திரியிலும் அறை 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். 27-க்கு மேல் போனால் பையே வேண்டாம். டயப்பரும் கையில்லாத பருத்தி பனியனும் போதும்.

ரிமோட்டில் 25 என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஏ.சி.க்கு நேர் கீழே ஒரு சூடு, மூலையில் ஒரு சூடு இருக்கும். சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, குழந்தை படுக்கும் உயரத்தில், காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். அங்கே 25, 26 என்று காட்டினால் 0.5 டாக் பை, உள்ளே அரைக்கைச் சட்டை. மார்கழியில் ஏ.சி. போடாமல் படுத்தாலும் இதே பைதான். கரண்ட் போகும் ராத்திரியில் கவனம் தேவை. வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏ.சி. பெரும்பாலும் ஓடாது, அறை வேகமாகச் சூடேறும். ஏ.சி. நின்றதும் பையைக் கழற்றிவிடுங்கள், அவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. ஜிப்பை முழுக்கப் போட்ட பிறகு துணிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போகலாம், இரண்டுக்கு மேல் போகக் கூடாது. கழுத்துத் துணியை மேலே இழுத்துப் பாருங்கள். தாடையைத் தாண்டி வாய்க்கு ஏறினால் அந்தப் பை பெரிது. அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று சட்டை எடுப்பதுபோல இதை எடுக்க முடியாது. கழுத்து அகன்றால் குழந்தை முழுசாக உள்ளே சறுக்கிவிடும். கைத்துளையும் அப்படியே, கை உள்ளே வழுக்கிப் போகக் கூடாது. நீளம் கொஞ்சம் கூடினால் தவறில்லை. கழுத்திலிருந்து குதிகால்வரை அளந்து, உதைக்க இடமாக 10 முதல் 15 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வரைக்கும் என்று விற்பது பெரும்பாலும் 70 செ.மீ. இருக்கும், உங்கள் மகனுக்கு அது போதும். அடிப்பக்கம் அகலமாக, தவளைக்கால்போல முட்டியை விரிக்க இடம் விட்டு இருக்கட்டும். காலை நேராக்கி இறுக்கினால் இடுப்பு மூட்டு வளர்ச்சிக்குக் கெடுதல். கனம் வைத்துத் தைத்த பைகளும் இப்போது விற்கிறார்கள். நெஞ்சை அழுத்தும், வேண்டாம்.

ஜிப் கீழிருந்தும் திறப்பதாக இருந்தால் ராத்திரி டயப்பர் மாற்றச் சுலபம். மேல்முனையில் தாடையில் உரசாமல் ஒரு துணிமடிப்பு இருக்க வேண்டும். பையை உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலையெல்லாம் வெட்டுங்கள். நூல் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது.

கடையில் கிடைக்கவில்லை என்றால் தையற்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். பலமுறை துவைத்து மெதுவான பருத்தி வேட்டி இருந்தால் அதைவிட நல்ல துணி இல்லை. இரண்டு மடிப்பாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துணி என்றால் இரண்டு தண்ணீர் பார்த்த பிறகு வெட்டட்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே கழுத்து சுருங்கிவிடும். இப்போது அவனுக்குச் சரியாக இருக்கும் பனியனைக் கொடுத்து, கழுத்தையும் கைத்துளையையும் அதே அளவில் வெட்டச் சொல்லுங்கள். நைலான் ஜிப் போதும். நாடா, ரிப்பன், முத்து எதுவும் கூடாது. கஞ்சி போடாதீர்கள்.

அத்தையின் கவலைக்கு வருவோம். இந்த வயதில் கைகால் ஜில்லென்று இருப்பது சாதாரணம், ரத்த ஓட்டம் இன்னும் முழுசாகப் பக்குவப்படவில்லை. நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் குளிரவில்லை. பிடரி பிசுபிசுத்தால், முடி நனைந்திருந்தால், கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்தால் சூடு அதிகம். சளி கிருமியால் வருவது. தும்மிக்கொண்டு வருபவர் பிள்ளையைக் கொஞ்சாமல் இருந்தாலே பாதி சளி குறையும்.

பைக்குள் துணி சுற்றிக் கையைக் கட்டாதீர்கள். இன்னும் சில வாரத்தில் குப்புற விழுவான், கை வெளியே இருந்தால்தான் ஊன்றித் தலையைத் திருப்ப முடியும். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம். பகலில் சேலைத் தொட்டிலில் போட்டால் பை கூடாது. சேலை இரண்டு பக்கமும் மூடுவதால் அங்கே ஏற்கெனவே காற்றோட்டம் குறைவு.

கொடைக்கானலில் டிசம்பர் ராத்திரி வெளியே 10 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். அங்கே முழுக்கைச் சட்டை, பேன்ட், காலுறை போட்டு, லண்டன் பைக்குள் விடுங்கள். மேலே போர்வை போர்த்த வேண்டாம். கழுத்துப் பரிசோதனையை வீட்டிலேயே செய்துவிடுங்கள், அளவு தவறு என்று அங்கே போய்த் தெரிந்தால் மாற்று இருக்காது. மலை ஏறும்போது காரில் குழந்தை சீட் வைத்திருந்தால் பையோடு உட்கார வைக்காதீர்கள், பெல்ட் இரண்டு காலுக்கும் நடுவே சரியாகப் பூட்டாது. தங்கும் அறையில் கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டால், உறுதியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும் நச்சு வாயு வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும்.