ஏ.சி.யை மாற்றியும் பில் ஏறுகிறதே?

கேள்வி: கோவையில் நான்கு மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு. பிப்ரவரியில் பழைய ஏ.சி.க்களையும் ட்யூப்லைட்டுகளையும் மாற்றினேன். 30 சதவீதம் மிச்சமாகும் என்றார் கான்ட்ராக்டர். மே மாத பில்லோ போன வருட மே மாதத்தைவிட அதிகம். ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் பாருங்கள். 2022 செப்டம்பரிலிருந்து கட்டணம் பல தடவை ஏறிவிட்டது. யூனிட்டுக்கான கட்டணம் போக, உச்ச மின்தேவைக்காக வாங்கும் டிமாண்ட் சார்ஜ் வேறு. யூனிட் குறைந்தும் தொகை கூடியிருக்கலாம்.

சரி, யூனிட்டும் ஏறியிருந்தால்? அப்போதும் முடிவுகட்ட முடியாது. மிச்சமான மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. பழைய ஏ.சி.யே இந்த மே வெயிலில் ஓடியிருந்தால் கடை மொத்தம் எத்தனை யூனிட் இழுத்திருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து இப்போதைய யூனிட்டைக் கழிக்க வேண்டும்.

அதற்கு, மாற்றுவதற்கு முந்தைய 12 மாத பில்களை எடுங்கள். மாதவாரியாக ஒரு நாளைய சராசரி யூனிட்டையும் சராசரி வெப்பநிலையையும் எக்செல்லில் புள்ளிகளாக வைத்து ஒரு கோடு இழுங்கள். ஒரு டிகிரி கூடினால் எத்தனை யூனிட் கூடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி மாதங்கள் மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நிற்கலாம். கூட்டமும் கூடுதல் நேரமும்தான் காரணம். ஆகவே கடை திறந்திருந்த மணிநேரத்தையும் கணக்கில் சேருங்கள். அந்தச் சூத்திரத்தில் இந்த மே மாத வெப்பநிலையையும் நேரத்தையும் போட்டால், எதையும் மாற்றாமல் இருந்திருந்தால் கடை மொத்தம் நாளுக்கு எத்தனை யூனிட் இழுத்திருக்கும் என்பது கிடைக்கும். ஜெனரேட்டரில் ஓடிய யூனிட் பில்லில் வராது, மறந்துவிடாதீர்கள்.

விளக்குக்கு இந்த வழி சரிப்படாது. மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்குக் குறைவான மிச்சம் மாதாந்திர ஏற்ற இறக்கத்திலேயே காணாமல் போய்விடும். அதைத் தனியாகப் போடுவதே சுலபம். 36 வாட் ட்யூப்லைட் பழைய செம்பு சோக்கோடு சுமார் 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. 20 வாட். 400 விளக்கு, தினம் 12 மணி நேரம் என்றால் நாளுக்கு 144 யூனிட் மிச்சம். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாமல் நாலைந்து விளக்குகளை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், கான்ட்ராக்டர் சொன்ன 30 சதவீதம் எதில் என்று கேட்டீர்களா? ஏ.சி. செலவில் என்றால், ஏ.சி. மொத்த யூனிட்டில் பாதி இழுக்கும் கடையில் அது 15 சதவீதம்தான். இரண்டும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மீதித் தொகையைக் கொடுக்கும் முன், ஏ.சி. பேனலில் தனி எனர்ஜி மீட்டர் ஒன்றைப் போட்டு, தினமும் கடை திறக்கும்போது ரீடிங் எழுதச் சொல்லுங்கள்.