செடி, பூச்சி, மழை வாசனை, தக்காளி: கேட்டதும் சொன்னதும்

செடி கொடி, பூச்சி, நாமளே வளத்து சாப்பிடறது, இதுல எது வேணா கேளுங்கன்னு சொன்னது நான்தான், ஆனா இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி கேள்வியெல்லாம் சேத்துட்டேன். எந்த இலை எந்த வியாதிக்குன்னு கேட்டவங்க மட்டும் கோச்சுக்காதீங்க, அது டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது.

பால்கனிவாசி: அக்கா, ரெண்டு தொட்டி வைக்கத்தான் இடம், வெயிலும் அரை நாள்தான். இதுல என்ன பெரிய சந்தோஷம் வந்துடப் போகுது?

ரெண்டு தொட்டி தாராளம்மா. நாப்பது அம்பதுன்னு வச்சிருக்கவங்கள பாத்தா பாதி பேர் தண்ணி ஊத்தியே ஓஞ்சு போறாங்க, செடிய நின்னு பாக்க நேரமே இருக்கறதில்ல. நீங்க ஒண்ணுல புதினா வைங்க, ஒண்ணுல அந்திமந்தாரை. புதினாக்கு விதையெல்லாம் தேட வேணாம், சமையலுக்கு வாங்குன கட்டுலயே நல்ல தண்டா ரெண்டு எடுத்து கீழ் இலைய கிள்ளிட்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி வைங்க, ஒரு வாரம் பத்து நாள்ல கணுவுலேர்ந்து வெள்ளையா வேர் எட்டிப்பாக்கும், அதை தினம் பாக்கறதே ஒரு வேடிக்கை. வேற செடிகூட ஒரே தொட்டியில மட்டும் வச்சிடாதீங்க, மண்ணுக்கடியிலயே தண்டு ஓடி மொத்த இடத்தையும் பிடிச்சுக்கும்.

அந்திமந்தாரை சாயங்காலம் நாலு மணி வாக்குல விரியும், மறுநாள் வெயில் ஏறினதும் மூடிக்கும். இருட்டுல வர்ற அந்துப்பூச்சிக்காகத்தான் அந்த நேரமும் அந்த வாசனையும். சில செடியில ஒரே கிளையில ரெண்டு கலர் பூ இருக்கும், ஒரே பூவுல பாதி மஞ்சள் பாதி செவப்புகூட வரும். 1909ல கார்ல் கொரன்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இதே செடியில பச்சையும் வெள்ளையும் கலந்த இலை வர்ற வகைய எடுத்து, சில குணம் தாய்ச்செடி வழியா மட்டும்தான் குட்டிக்கு போகுதுன்னு காட்டினார். அரை நாள் வெயில் போதும் இதுக்கு. விதை விஷம், கருப்பு மிளகு மாதிரி இருக்கும், சின்ன புள்ளைங்க இருந்தா உதிர உதிர பொறுக்கி எடுத்துருங்க.

கறிவேப்பிலை காவலன்: மேடம், என் கறிவேப்பிலை செடி இலை மேல பறவை எச்சம் மாதிரி இருந்துச்சு, தொட்டா நகருது!! பக்கத்துல எலுமிச்சையிலயும் இருக்கு. என்ன ஸ்ப்ரே அடிக்கலாம்?

ஒண்ணும் அடிக்காதீங்க சார், ப்ளீஸ். இன்னிக்கு வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. வாலுல சின்னதா நீட்டிக்கிட்டு பறக்குற வண்ணத்துப்பூச்சி இருக்குல்ல, அந்தக் குடும்பத்து புழு அது, எலுமிச்சை கறிவேப்பிலை ரெண்டும் ஒரே குடும்பச் செடி, அதான் ரெண்டுலயும் இருக்கு. தாய்ப்பூச்சி இலை மேல உக்காந்து முன்னங்காலால தட்டித் தட்டி பாக்கும், காலாலயே ருசி தெரியும் அதுக்கு, சரியான செடிதான்னு தெரிஞ்சாதான் முட்டை வைக்கும். சின்ன வயசுல எச்சம் மாதிரி வேஷம், எந்தப் பறவையும் எச்சத்த கொத்தாது பாருங்க. கடைசி தடவை தோல் உரிச்சதும் பச்சையா மாறிடும், அப்புறம் இலைக்குள்ள கண்டுபிடிக்கறதே கஷ்டம். அப்ப லேசா ஒரு குச்சியால தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாலேர்ந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பு வெளிய வரும், கூடவே ஒரு நாத்தம். எறும்ப துரத்தறதுக்கு வச்சிருக்க ஆயுதம் அது, ஒரு தடவை பாத்தா போதும், சும்மா சும்மா தொந்தரவு பண்ணாதீங்க.

செடி பெருசா இருந்தா அது தின்னுற இலைக்கு ஒண்ணும் ஆகாது, மறுபடி துளிர்க்கும். சின்ன செடின்னா ஒரே ஒரு புழுவ விட்டுட்டு மிச்சத்த பெரிய எலுமிச்சைக்கு மாத்திடுங்க. எல்லாம் பூச்சியாகும்னும் நினைக்காதீங்க, பாதிய பறவையும் குளவியும் கொண்டு போயிடும், அதுங்களுக்கும் குஞ்சு இருக்கு. ஒண்ணு கூடு கட்டிடுச்சுன்னா வெயில் காலத்துல ரெண்டு வாரத்துக்குள்ள வெளிய வந்துரும், பெரும்பாலும் காலையில. வந்த உடனே றெக்கை கசங்கின துணி மாதிரி தொங்கும், உடம்புல இருக்க திரவத்த நரம்புக்குள்ள ஏத்தி ஏத்தி விரிச்சுக்கும். அப்ப உதவி பண்றேன்னு கை வைக்காதீங்க, றெக்கை கோணிப் போயிரும்.

மழைப்பைத்தியம்: முதல் மழைக்கு வர்ற மண் வாசனை ஏன் பெரு மழையில வர்றதில்ல?

நல்லா கவனிச்சிருக்கீங்க. அந்த வாசனையில பெரிய பங்கு ஜியோஸ்மின்ங்கற பொருளுக்கு, மண்ணுல இருக்க ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி பாக்டீரியா பண்றது. லட்சம் கோடில சில பங்கு காத்துல இருந்தாலே நம்ம மூக்கு பிடிச்சிடும். கூடவே காய்ஞ்ச காலத்துல செடி விடுற எண்ணெய் கல்லுலயும் மண்ணுலயும் ஊறிப்போய் இருக்கும், அதைப் பிரிச்செடுத்து 1964ல ஆஸ்திரேலியாவுல இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு பேர் எழுதினாங்க. தூறல் துளி காஞ்ச மண்ணுல விழும்போது உள்ள இருக்க காத்து குமிழி குமிழியா மேல வந்து உடையும், அந்தச் சிதறல்லதான் வாசனை மேல ஏறுது. 2015ல அதிவேக கேமராவுல இதை படமே பிடிச்சாங்க. துளி ரொம்ப வேகமா அடிச்சா அந்தக் குமிழி வர நேரமே கிடைக்காது. அதனால மூக்குக்கு வேலை வேணும்னா தூறலுக்கு வெளிய போங்க, கொட்டுற மழைக்கு ஜன்னலோரம் போதும். அப்புறம், பீட்ரூட்ல ஒரு மண் வாசம் வருதே, அதுவும் இதே ஜியோஸ்மின்தான், பிடிக்காதவங்க திட்டறதும் அதைத்தான்.

களை எடுப்பவள்: அக்கா தொட்டியில தானா முளைக்குது, தண்டு செவப்பு, இலை தடிச்சு வழவழன்னு. பருப்புக்கீரைங்கறாங்க. சாப்பிடலாமா?

பருப்புக்கீரைதான்னா சாப்பிடலாம், நல்லாவே இருக்கும். ஆனா முதல்ல தண்ட ஒடிச்சுப் பாருங்க, வெள்ளையா பால் வந்தா அது வேற செடி, பக்கத்துலயே படர்ற விஷச்செடி ஒண்ணு இருக்கு, தூக்கிப் போட்டு கைய கழுவிடுங்க. பால் வராம வெறும் தண்ணி மாதிரி இருக்கணும், இலை தடிப்பா இருக்கணும், பூ சின்னதா மஞ்சளா இருக்கணும். அப்பவும் சந்தேகம் இருந்தா தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம வாயில வைக்காதீங்க.

இதுல ஒரு விளையாட்டு இருக்கு. தண்ணி குறைஞ்சா இந்தச் செடி பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு ராத்திரி காத்துலேர்ந்து கரியமில வாயுவ எடுத்து மாலிக் அமிலமா சேத்து வைக்கும், பகல்ல வெயில் வந்ததும் செலவு பண்ணும். அதனால ரெண்டு நாள் தண்ணி விடாம வச்சு விடியக்காலையில ஒரு இலை, சாயங்காலம் ஒரு இலை கடிச்சுப் பாருங்க, காலை இலை புளிக்கும். ஒரே செடிதான். ஆக்சலேட் அதிகம், கிட்னி கல் இருக்கவங்க தள்ளி இருங்க.

டெஸ்க் செடி: ரூமுக்குள்ள செடி வச்சா காத்து சுத்தமாகும்தானே?

இல்லம்மா. 1989ல நாசா ஆளுங்க மூடின பெட்டிக்குள்ள வச்சு பாத்தது அது, நம்ம ரூமு மூடின பெட்டி இல்லையே. 2019ல பழைய ஆராய்ச்சியெல்லாம் சேத்து கணக்கு போட்டவங்க, ஒரு சதுர மீட்டருக்கு பத்துலேர்ந்து ஆயிரம் செடி வரைக்கும் வச்சாதான் ஜன்னல் திறந்து வச்ச அளவுக்கு ஆகும்னாங்க. ஜன்னல திறங்க. செடிய அழகுக்கு வைங்க, அது போதாதா.

விடியல்: காலையில சேப்பங்கிழங்கு இலை நுனியில மட்டும் ஒரு சொட்டு தண்ணி நிக்குது, பனியா?

பனின்னா இலை முழுக்க இருக்கும். இது செடியே விடுறது. ராத்திரி இலை வழியா தண்ணி அவ்வளவா ஆவியாகாது, ஆனா வேர் உறிஞ்சி மேல தள்ளிக்கிட்டே இருக்கும், மிச்சம் ஓரத்துல இருக்க துளை வழியா வெளிய வரும். தக்காளி, புல்லுலயும் பாக்கலாம். மண் நல்லா ஈரமா இருக்குன்னு அர்த்தம், அன்னிக்கு தண்ணி விட வேணாம்.

தக்காளி ரசிகை: வீட்டுத் தக்காளி மட்டும் ஏன் ருசியா இருக்கு, இல்ல நம்ம மனசுதானா?

மனசும் கொஞ்சம் உண்டு, மறுக்கல. ஆனா நிஜ காரணமும் இருக்கு. தூரத்துலேர்ந்து வர்ற பழத்த காயா இருக்கும்போதே பறிச்சு அனுப்பறாங்க, கலர் வந்துரும், செடியிலயே பழுத்த மணம் வராது. அதுக்கு மேல நாம ஃப்ரிட்ஜ்ல வைக்கறோம், 12 டிகிரிக்குக் கீழ கிடந்தா மணம் உண்டாக்குற வேலையே மந்தமாகிடும், திரும்ப வெளிய வச்சாலும் முழுசா வராது. பழுத்த தக்காளிய வெளியவே வச்சு ரெண்டு மூணு நாள்ல தீத்துருங்க. இனிப்பு சோளம் இன்னும் மோசம், பறிச்ச நிமிஷத்துலேர்ந்து சர்க்கரை மாவா மாற ஆரம்பிச்சுரும், அதை மட்டும் உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க. பக்கத்துல விளையறத வாங்கி சாப்பிடுங்கன்னு நான் சொல்றதுக்கு கொள்கையெல்லாம் அப்புறம், முதல் காரணம் நாக்குதான்.

புதுத்தோட்டக்காரன்: தினம் ரெண்டு வேளை தண்ணி விடுறேன், செடி வாடுது!

அதனாலதான் தம்பி வாடுது. வேருக்கும் காத்து வேணும். விரல ரெண்டு கணு உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா விடாதீங்க.

ரெண்டு வாண்டு அம்மா: பசங்கள செடிப்பக்கம் கூட்டிட்டு வர ஏதாவது சொல்லுங்க.

நீல சங்குப்பூ நாலு பறிச்சு சுடுதண்ணில போடுங்க, ஊதாநீலமா வரும், அதுல எலுமிச்சை சாறு விட்டா கண்ணு முன்னாடியே ரோஸ் ஆகும். சோப்புத் தண்ணி விட்டா பச்சைப் பக்கம் போகும். அடுத்த நாளே விதை எங்கன்னு அவங்களே கேப்பாங்க.

மகள்: அம்மாவால எழுந்து நடக்க முடியல. தோட்டத்துல இருந்தவங்க, இப்ப கட்டில்தான். என்ன பண்ணலாம்?

கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கம்மா, முதல் வேலை அதான். 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் ஆஸ்பத்திரி பதிவேடுகள எடுத்துப் பாத்தாரு, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, வெறும் செங்கல் சுவர் தெரிஞ்சவங்கள விட கொஞ்சம் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்காங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியா கேட்டிருக்காங்க. சின்ன ஆய்வுதான், அதுக்காக மரம்தான் குணமாக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கைக்கு எட்டற உயரத்துல ஒரு தொட்டி வச்சு துளசியோ புதினாவோ வைங்க, நுனி கிள்ளற வேலைய அவங்ககிட்டயே விடுங்க. நுனியிலேர்ந்து வர்ற ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்கக் கிளைய தடுக்குது, கிள்ளக் கிள்ள புதரா அடர்த்தியா வரும், வேலை செஞ்சது கண்ணுக்குத் தெரியும். எந்தச் செடிய வைக்கலாம்னு அவங்களயே கேளுங்க, உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சத விட அவங்களுக்குத் தெரியும்.

அலமாரி ஆராய்ச்சி: தொட்டாச்சிணுங்கி ராத்திரி தானா மூடிக்குது, யாரும் தொடல. வெளிச்சம் போறதுனாலயா?

வெளிச்சம் மட்டும் இல்ல. 1729ல டி மெய்ரான்ங்கற பிரெஞ்சுக்காரர் இப்படி இலை மூடுற செடி ஒண்ண இருட்டுல வச்சார், வெளிச்சமே இல்லாமயும் பகல் நேரத்துக்கு இலை திறந்துச்சு, ராத்திரிக்கு மூடுச்சு. செடிக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுது. நீங்களும் அலமாரியில வச்சுப் பாக்கலாம், ஆனா ரெண்டு நாளுக்கு மேல வேணாம், வாடிரும்.