கஞ்சா வழக்குகளில் தண்டனையை இன்னும் கடுமையாக்கினால் கடத்தல் குறையுமா?

குறையாது என்பதே என் பதில். மதுரையில் போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில், எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறேன்.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) வந்தபோது, கஞ்சாவுக்கு எடை எவ்வளவாக இருந்தாலும் அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறைதான். எடையைப் பார்த்துத் தண்டனை என்ற முறை 2001 திருத்தத்தில் வந்தது. இன்று 1 கிலோவுக்குக் குறைவென்றால் ஓராண்டு வரை, 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள், இடைப்பட்டதற்கு 10 ஆண்டுகள் வரை. இவ்வளவு கூட்டிய பிறகும் ஆந்திர மலைப்பகுதியிலிருந்து மூட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பணம் போட்டவன் மூட்டையைத் தொடுவதில்லை, பிடிபடுகிறவன் சட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புவதும் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து லோடுமேன் ஒருவர், சில ஆயிரம் ரூபாய் கூலிக்குத் தூக்கி வந்த மூட்டை 22 கிலோ என்று, பறிமுதலின்போது போலீஸார் எழுதும் மகஜரில் இருந்தது. நீதிமன்றத்தில் பிரித்தபோது, பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்களுக்குள் தண்டும் விதையும் இலையும் கலந்து கிடந்தன. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. ஆனால் டேப்போடு சேர்த்தே எடை போட்டிருந்தார்கள். அந்த இரண்டு கிலோதான் அவருடைய வாழ்க்கை. இவர் கூலிக்குத் தூக்கியவர்தான் என்று நீதிபதி மனதார நம்பினாலும், 20 கிலோவைத் தாண்டிய ‘வணிக அளவு’ என்று முடிவானால் 10 ஆண்டுகளில் ஒரு நாளைக்கூடக் குறைக்க அவருக்கு அதிகாரமில்லை என்பதுதான் இச்சட்டத்தின் பெரிய அநீதி என்று கருதுகிறேன்.

அந்த லோடுமேனின் தாயார் வீட்டுப் பத்திரத்தை மஞ்சப்பையில் கொண்டுவந்து, "ஜாமீனுக்கு இது போதுமாய்யா?" என்று கேட்டார். எதிரி குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றமே கருதினாலொழிய, வணிக அளவு வழக்கில் 37-ஆவது பிரிவு பிணைக்கு வழிவிடாது. பத்திரம் எத்தனை இருந்தும் பயனில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை; அப்படிக் கெட்டுப்போன பிள்ளைகளை என் தெருவிலேயே பார்க்கிறேன். பணம் போட்டவனின் சொத்தை முடக்க இதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது, அதைக் கையிலெடுக்கட்டும். சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்களிக்க 64ஏ பிரிவும் இருக்கிறது. என்னிடம் வந்த பெற்றோரில் பெரும்பாலோர் அதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டதே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான்.