ரைட்டர் மாற்றச் சொன்ன சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் ரவுண்டானாவில் ஹெல்மெட் போடாதவர்களைத் தினமும் நிறுத்தி ஆயிரம் ரூபாய் அபராதம் போடுகிறார்கள். அதே ஸ்டேஷனில் என் பைக் திருட்டுப்போனதாகப் புகார் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்தச் சட்டத்தை அமல்படுத்துவது என்று போலீஸே பொறுக்கிக்கொள்ளலாமா?

வா. ச.

அன்புள்ள வா. ச.,

ஓரளவுக்குப் பொறுக்கலாம். இருக்கிற ஆட்களை வைத்து எல்லாச் சட்டத்தையும் எல்லாத் தெருவிலும் காக்க முடியாது. இன்று ஹெல்மெட், நாளை குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் என்று அவர்கள் முறை வைத்துக்கொள்வதில் கோர்ட் பெரும்பாலும் தலையிடாது.

ஒரு சட்டத்தையே மூட்டை கட்டி வைப்பது வேறு. 1966-இல் லண்டன் போலீஸ் கமிஷனர், சூதாட்ட கிளப்புகள் மேல் பொதுவாக நடவடிக்கை வேண்டாம் என்று ரகசியமாகச் சுற்றறிக்கை விட்டார். ரேமண்ட் பிளாக்பர்ன் என்ற முன்னாள் எம்.பி. கோர்ட்டுக்குப் போனார். 1968-இல் நீதிபதி டென்னிங் சொன்னதன் சாரம் இது: ஆட்களை எங்கே நிறுத்துவது என்பது கமிஷனர் பாடு. ஆனால் நூறு பவுண்டுக்குக் குறைந்த திருட்டுக்கு வழக்கே கிடையாது என்று அவர் உத்தரவு போட்டால், கோர்ட் குறுக்கிடலாம்.

நம் ஊரில் அப்படி எழுத்தில் உத்தரவெல்லாம் இருக்காது. மேஜையிலேயே முடிந்துவிடும். பல வருஷத்துக்கு முன் என் பைக்கும் போனது. ஸ்டேஷன் ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு, "திருடிட்டாங்கன்னு எழுதாதீங்க சார், காணோம்னு எழுதுங்க" என்றார். நானும் எழுத்தாளன்தான், அன்று அவர் எடிட்டிங்தான் எடுபட்டது. திருட்டு என்றால் ஸ்டேஷன் கணக்கில் ஒரு குற்றம் ஏறும், அதிகாரி கூட்டத்தில் கேள்வி வரும். 'காணோம்' யாரையும் தொந்தரவு செய்யாது. இன்சூரன்ஸ்காரர் மட்டும் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பழக்கத்துக்குத்தான் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், ப. சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு பூட்டுப் போட்டது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், அதில் அதிகாரிக்கு விருப்பம் என்று ஒன்றும் இல்லை. குடும்பத் தகராறு, வியாபார விவகாரம், மருத்துவ அலட்சியம் மாதிரி சிலவற்றில் மட்டும் முதலில் விசாரித்துப் பார்க்கலாம் என்றார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது: மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு 14 நாள் தாராளம்.

சரி, உங்கள் விஷயம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கு ரசீது, அவ்வளவுதான். அதில் 'திருட்டு' என்று இருக்கிறதா, 'காணவில்லை' என்றா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்தப் புதிய சட்டத்தின் 173(4) பிரிவின்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிரமாணப் பத்திரம் வேண்டும், எஸ்.பி.க்கு அனுப்பியதற்கு அத்தாட்சியும் வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.