இரண்டு ஜேமீட்டர் ஓட்டங்களை ஒரே பக்கத்தில் ஒப்பிடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சர்வரின் வேகத்தைச் சோதிக்கும் ஜேமீட்டர் கருவியின் டாஷ்போர்டு (முடிவு அறிக்கை) ஒரு டெஸ்ட் ஓட்டத்தைத்தான் காட்டுகிறது. பழைய பில்டையும் புதிய பில்டையும் அருகருகே பார்க்க வழி உண்டா?

பதில்: டாஷ்போர்டு 2016-இல் 3.0 பதிப்போடு வந்த வசதி. ஒரு ஓட்டத்துக்கான அறிக்கை மட்டும்தான் தரும். ஒப்பிடும் பக்கத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டும், ஆனால் பெரிய வேலை இல்லை. டாஷ்போர்டு ஃபோல்டருக்குள் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற ஜேசன் ஃபைல் இருக்கும். லேபிள் (ரிக்வெஸ்டின் பெயர்) வாரியாகப் பிழைச் சதவீதம், மீடியன் (நடு மதிப்பு), பர்சென்டைல், த்ரூபுட் (நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட்) எல்லாம் அதில் உண்டு. இரண்டு ஓட்டங்களின் ஃபைல்களையும் பைத்தானில் படித்து, லேபிளை வைத்துச் சேர்த்து, எச்டிஎம்எல் அட்டவணையாக எழுதிவிடுங்கள். ஒன்றில் மட்டும் இருக்கும் லேபிளை விட்டுவிடாமல் ‘புதியது’, ‘காணவில்லை’ என்று போடுங்கள். யாரோ பெயரை மாற்றிய ரிக்வெஸ்ட் சத்தமில்லாமல் அட்டவணையிலிருந்து காணாமல் போவது சகஜம்.

கேள்வி: அதில் பிசிடி1, பிசிடி2, பிசிடி3 என்பவை என்ன?

பதில்: அமைப்பை யாரும் மாற்றவில்லை என்றால் 90, 95, 99-ஆவது பர்சென்டைல்கள். அதாவது நூற்றுக்கு 90, 95, 99 ரிக்வெஸ்ட்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பது.

கேள்வி: சார், ஐந்து ஓட்டங்களின் 95-ஆவது பர்சென்டைலைக் கூட்டி ஐந்தால் வகுக்கலாமா?

பதில்: வகுத்து வருவது மொத்த சாம்பிள்களின் 95-ஆவது பர்சென்டைல் ஆகாது. அது வேண்டுமென்றால் ஒவ்வொரு சாம்பிளும் (ஒரு ரிக்வெஸ்டின் அளவீடு) பதிவாகியிருக்கும் மூல ஜேடிஎல் ஃபைல்களைச் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். நானாக இருந்தால் ஐந்தையும் தனித்தனியாகவே காட்டுவேன். 210, 214, 209, 305, 212 மில்லிசெகண்ட் என்று வந்தால் அந்த 305-ஐத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: 3% கூடினாலே சிவப்பு காட்டுகிறோம், மேனேஜர் பதறுகிறார். எல்லையை எங்கே வைப்பது?

பதில்: முதலில் ஒரே பில்டை அதனோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலேயே 4% ஆட்டம் இருந்தால் உங்கள் 3% சிவப்புக்கு அர்த்தமில்லை. கோ நிரல்மொழியின் ஒப்பீட்டுக் கருவியான பெஞ்ச்ஸ்டாட் செய்வது எனக்குப் பிடிக்கும்: மான்-விட்னி என்ற புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வராவிட்டால், சதவீதத்துக்குப் பதிலாக வெறும் அலைக்குறி (~) போட்டுவிடும். நீங்களும் அதையே செய்யலாம், இரண்டு விஷயங்களைக் கவனித்தால். ஒவ்வொரு பில்டுக்கும் மூன்று ஓட்டங்கள் போதாது: அந்தச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த பி மதிப்பே 0.1, அதனால் வித்தியாசம் எவ்வளவு பெரிதானாலும் அலைக்குறிதான் வரும். நான்கு இருந்தால் ஒப்பேற்றலாம், பத்து நல்லது. அப்புறம், ஒரே ஓட்டத்தின் ஆயிரக்கணக்கான ரிக்வெஸ்ட்களைச் சோதனையில் கொட்டாதீர்கள். அவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. அரை மில்லிசெகண்ட் கூட ‘முக்கியமான மாற்றம்’ ஆகிவிடும். ஓட்டத்துக்கு ஒரு எண் போதும்.

கேள்வி: புதிய பில்டில் எல்லா வரிசையும் பச்சை. நம்பலாமா?

பதில்: பிழைச் சதவீதத்தைப் பாருங்கள். சர்வர் 503 (இப்போது சேவை இல்லை) என்று உடனே கைவிரித்தால் ரெஸ்பான்ஸ் நேரம் அழகாகக் குறையும். பிழை கூடிய வரிசையில் நேரத்துக்கு நிறமே போடக் கூடாது.

கேள்வி: பழைய ஓட்டத்தின் ஜேடிஎல் மட்டும்தான் இருக்கிறது, டாஷ்போர்டு எடுக்கவில்லை.

பதில்: மறுபடி டெஸ்ட் ஓட்ட வேண்டாம். ஜேமீட்டர் கட்டளையில் மைனஸ் ஜி-யில் (-g) அந்த ஃபைலையும் மைனஸ் ஓ-வில் (-o) காலி ஃபோல்டரையும் கொடுத்தால் டாஷ்போர்டு தயார்.