மணி போனதுலேர்ந்து ஜூலி சாப்பிட மாட்டேங்குது

கேள்வி: டாக்டர், எங்க வீட்ல மணி, ஜூலின்னு ரெண்டு நாட்டு நாய். போன மாசம் மணிக்கு காய்ச்சல் வந்து மூக்குலேர்ந்து ரத்தம் வந்துச்சு, உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி ட்ரிப்ஸ் எல்லாம் ஏத்துனாங்க, காப்பாத்த முடியல. அதுலேர்ந்து ஜூலி பாதி சோத்த அப்படியே வச்சிடுது, மணியோட சாக்குலயே போய் படுத்துக்குது. என் வீட்டுக்காரர் வண்டி சத்தம் கேட்டா முன்னாடி ரெண்டும் போட்டி போட்டு கேட்டுக்கு ஓடும், இப்ப இது தலைய மட்டும் தூக்கிப் பாத்துட்டு படுத்துடுது. உடனே ஒரு குட்டி வாங்கி விட்டா சரியாயிடும்ங்கறாங்க மாமியார். வாங்கலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குட்டி விஷயத்துக்கு அப்புறம் வரேன்மா, முதல்ல ஜூலியோட மேல் உதட்ட தூக்கி ஈறப் பாருங்க. ரோஸ் கலர்ல இருக்கணும், விரலால அழுத்தி விட்டா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள பழையபடி ஆகணும். நாட்டு நாய் சிலதுக்கு ஈறு கருப்பா இருக்கும், அப்ப கண்ணோட கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க. வெளுத்துப் போயிருந்தா அது வெறும் சோகம் இல்ல, ரத்தம் குறையுது. மணிய கடிச்ச உண்ணி ஜூலிய மட்டும் விட்டு வைக்குமா என்ன? சோறு இறங்காம சோர்ந்து படுக்குறது துக்கத்துலயும் வரும், உண்ணிக் காய்ச்சலோட ஆரம்பத்துலயும் வரும், வெளிலேர்ந்து பாத்து ரெண்டையும் பிரிக்க எங்களாலயே முடியாது. அதனால ஈறு நல்லா இருந்தாலும் ஒரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணி தட்டணுக்கள் எவ்வளவு இருக்குன்னு பாத்துடுங்க. மணிக்கு வாங்கி மிச்சமிருக்குற மாத்திரைய மட்டும் நீங்களா குடுத்துடாதீங்க, டோஸ் வெயிட்ட வச்சு குடுக்குறது.

அந்த சாக்கு, சொல்லவே கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அத எடுத்துடுங்க. பொதுவா செத்துப்போன நாயோட துணிய உடனே தூக்கிப் போடாதீங்க, வாசனை கொஞ்ச நாள் இருக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன், உங்க கேஸ்ல முடியாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதுவும் நாய் மேல இல்ல, சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, இந்த மாதிரி சாக்கு மடிப்புலதான். வேற துணி போட்டு அதே இடத்துல விரிச்சு வைங்க, இடத்த மாத்தாதீங்க. ஜூலிக்கும் உண்ணி மருந்து போட்டுடுங்க.

டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா அப்ப துக்கம்னு வச்சுக்கலாம். நாய்க்கு என்ன தெரியும்னு யாராவது சொன்னா விட்டுடுங்க. 2022ல இத்தாலில ஒரு ஆய்வு வந்துச்சு, கூட இருந்த நாய இழந்த நாய்களப் பத்தி 426 பேர்கிட்ட கேட்டதுல 86 சதவீதம் பேர் எங்க நாய் மாறிடுச்சுன்னு சொன்னாங்க. அதுல எனக்குப் பட்டது வேற, எத்தனை வருஷம் சேர்ந்து இருந்துச்சுங்கறது பெரிசா கணக்குல வரல, எவ்வளவு ஒட்டுதலா இருந்துச்சுங்கறதுதான் வந்துச்சு, வீட்டு ஆளுங்க ரொம்ப உடைஞ்சு போன வீட்ல நாய்ங்களுக்கும் பயமும் சாப்பாடு குறையறதும் கூடுதலா இருந்துச்சு. அதுக்காக நீங்க அழக் கூடாதுன்னு சொல்லல, நல்லா அழுங்க. ஆனா சோறு வைக்குற நேரம், வாக்கிங் நேரம் மாறக் கூடாது. சோத்த வெதுவெதுப்பா வைங்க, வாசனை தூக்கும், உப்பு மசாலா வெங்காயம் போடாம வேக வச்ச கோழிய பிச்சுப் பிசைஞ்சு குடுக்கலாம். அரை மணி நேரத்துல சாப்பிடலன்னா எடுத்துடுங்க, தட்ட தூக்கிட்டு பின்னாடியே சுத்தாதீங்க, அப்புறம் கெஞ்சுனாத்தான் சாப்பிடும்னு பழகிடும். சாயங்காலம் வழக்கமா போற தெருவ விட்டு புதுத் தெருவுல கூட்டிட்டுப் போங்க, மோந்து பாக்க விடுங்க, இழுக்காதீங்க. பெரும்பாலும் சில வாரத்துலேர்ந்து சில மாசத்துக்குள்ள தேறிடும்.

குட்டி இப்ப வேணாம்னு மாமியார்கிட்ட சொல்லிடுங்க. தெம்பு இல்லாம படுத்திருக்குற நாய் மேல குட்டி ஏறி விளையாடுனா கடிதான் வாங்கும், தவிர உண்ணி ஒழியாத வீட்டுக்கு குட்டி கொண்டு வர்றது தப்பு. ஜூலி பழையபடி வாலாட்டி கேட்டுக்கு ஓடட்டும், அப்ப யோசிக்கலாம்.

கேள்வி: ரெண்டு பூனைல ஒண்ணு வண்டில அடிபட்டு செத்துடுச்சு சார், இன்னொண்ணு ராத்திரி பூரா கத்துது, ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல. துக்கம் ஆற எத்தனை நாள் விடலாம்?
- வாசகர், கோவை

பதில்: ஒரு நாள் கூட விடாதீங்க தம்பி, இன்னைக்கே தூக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. பூனை நாய் மாதிரி இல்ல, ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா உடம்புல இருக்குற கொழுப்பு பூரா கல்லீரல்ல போய் சேர்ந்து கல்லீரலே கெட்டுப் போகும், குண்டு பூனைன்னா இன்னும் சீக்கிரம். கத்துறது தேடுறதுனால இருக்கலாம், அது தானா குறையும், பட்டினிதான் ஆபத்து. போற வரைக்கும் மீன் வேக வச்ச தண்ணிய உப்பில்லாம வெதுவெதுப்பா வச்சுப் பாருங்க. உடம்பு சுடுதுன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம், அரை மாத்திரையே போதும் கொல்றதுக்கு.