சம்பளம் குறைந்தாலும் பொதுப்பணிக்குப் போகலாமா?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். பொதுச் சுகாதாரத் துறையில் வேலை கிடைத்திருக்கிறது. மனம் அதைத்தான் நாடுகிறது. ஆனால் கையில் வரும் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கல்விக் கடனும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடனிலிருந்து தொடங்குங்கள். மாதத் தவணை, வாடகை, குடும்பச் செலவு ஆகியவற்றைக் கழித்த பிறகு புதிய சம்பளத்தில் சிறிதேனும் மிஞ்சாவிட்டால், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இப்போது மாற வேண்டாம் என்றே சொல்வேன். பணக் கவலையோடு செய்யும் சேவையில் முதலில் தேய்வது அந்த ஆர்வம்தான்.

மிஞ்சுமானால், கையில் வரும் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விடுப்பு ஆகியவற்றையும் ஆண்டுத் தொகையாக மாற்றிக் கூட்டுங்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை ஒட்டிய உறுதியான தொகையா, செலுத்திய பணத்தையும் அதன் வளர்ச்சியையும் பொறுத்த பங்களிப்புத் திட்டமா, அதற்குத் தகுதி பெற எத்தனை ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்பே விலகுவீர்களானால் இந்தக் கணக்கே மாறிவிடும். பல நாடுகளில் தனியாருடனான சம்பள இடைவெளி கீழ்நிலைப் பதவிகளில் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல அதிகமாகவும் இருப்பதால், பத்து ஆண்டுகளுக்குப் பின் எந்த நிலையில் இருப்பீர்கள் என்றும் விசாரியுங்கள்.

ஆர்வத்தையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். பொதுச்சேவை நாட்டம் தனிவகை உந்துதல் என்று 1990-இல் பொது நிர்வாக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பெர்ரியும் லாய்ஸ் வைஸும் எழுதினார்கள். ஆனால் அது தானாக நிலைத்துவிடுவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டியவர்கள், அந்தப் பணத்தால் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் திரட்டிய தொகை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது என்று உளவியலாளர் ஆடம் கிரான்ட் குழுவின் 2007 ஆய்வு காட்டியது. கணக்காளரான உங்கள் மேசைக்கு நோயாளிகள் வரமாட்டார்கள். கொள்முதல் கோப்புகளும் தணிக்கை ஆட்சேபங்களும்தான் வரும். நீங்கள் நேரத்தில் ஒப்புதல் தரும் மருந்துப் பட்டியலால் ஒரு மருத்துவமனையில் இருப்பு தீராமல் இருக்கிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பு உண்டா? சேருமுன் அந்தப் பிரிவில் பணிபுரிபவரிடம் இதைக் கேளுங்கள். துறையின் பெயரைவிட அந்த அன்றாட வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே முக்கியம்.

சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடிந்தால், மூன்று மாதங்கள் புதிய சம்பளத்துக்குள் வாழ்ந்து, மீதியைக் கடனில் கட்டுங்கள். முந்தைய அனுபவத்தைக் கணக்கில் கொண்டு தொடக்க ஊதியத்தை உயர்த்த விதி இருக்கிறதா என்பதை, நியமன ஆணையை ஏற்பதற்கு முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு அதைத் திருத்துவது பெரும்பாலும் கடினம்.